கடைசி பஸ்ஸும் கடைசி ரீலும்

தேயிலைத் தோட்டத்தில் சினிமாப் படங்களுக்குப் பெயர் வைப்பவள் ரெங்கம்மாதான். பதுளைத் தியேட்டர் வாசலில் ஆள் உயரத்துக்கு என்ன பெயரை எழுதி ஒட்டியிருந்தாலும் அவளுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. 'ரயில்ல பிள்ளைய விட்டுட்டுப் போற படம்', 'மாமியாக்காரிக்குக் கண்ணு தெரிஞ்ச படம்', 'ரெண்டு அண்ணனும் ஒரே சட்டையப் போடுற படம்' என்று அவள் சொன்னால் சொன்னதுதான். ஸ்பிரிங்வெளி ரோட்டில் மேலே ஏறிப் போனால் வரும் அந்தத் தோட்டத்தின் மேல்பிரிவு முழுவதும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு லயம், அந்தப் பெயரில்தான் படத்தைப் பேசும். உண்மையான பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஷோவுக்குப் போய்விட்டு வந்தால், திங்கட்கிழமை காலையில் கொழுந்து மலையில் அவளுடைய கச்சேரி. கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி ஆளுக்கொரு வரிசையாகத் தேயிலையைப் பிரித்துக் கொடுப்பார். அதற்கு நெரை என்று பெயர். மற்ற நாளில் மேட்டு நெரை வேண்டாம், அட்டை கடிக்கிற பள்ளத்து நெரை வேண்டாம் என்று சண்டை வரும். திங்கட்கிழமையில் மட்டும் ஒரே சண்டைதான்: ரெங்கம்மாவுக்குப் பக்கத்து நெரை யாருக்கு? அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களுக்கு முழுப் படமும் கிடைக்கும். தள்ளி நிற்பவர்களுக்கு அழுகையும் சண்டையும் மட்டும் காற்றில் வரும். நடுவில் விட்டுப்போனதை ஒருத்தி மற்றவளுக்குக் கத்திச் சொல்ல, மலை முழுவதும் ஒரே இரைச்சலாக இருக்கும்.

அன்றன்றைய கூலிக்குப் பேர் போடுகிற மாரிசாமி கங்காணி மலையின் உச்சியில் நின்று கம்பை ஊன்றிக்கொண்டு சத்தம் போடுவார். "ஏய், இன்னைக்கு வாய்க்குப் பேரா, கைக்குப் பேரா?"

"ரெண்டுக்கும் போட்டுருங்க கங்காணியாரே" என்பாள் ரெங்கம்மா. கை நிற்காது. இரண்டு கையும் தம் பாட்டுக்குக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்கு மேலால் கூடைக்குள் போட்டுக்கொண்டே இருக்கும். கதை கேட்கிற அன்றைக்குப் பெண்கள் நெரையை விட்டு நகராமல் கொழுந்து எடுக்கிறார்கள் என்பது கங்காணிக்கும் தெரியும். அவரும் மெல்ல மெல்ல இறங்கி, கதை காதில் விழுகிற தூரத்துக்கு வந்து, வேறு எதையோ பார்க்கிற மாதிரி நின்றுகொள்வார்.

கதை சொல்வது யாருக்கும் வரும். ரெங்கம்மாவின் பெருமை அதற்குப் பிறகு அவள் சொல்கிற தீர்ப்பில் இருந்தது. சம்பளம் வாங்கிய பிறகு ஒரு குடும்பம் ஒரு படத்துக்குத்தான் போக முடியும். அந்த ஒன்று வீணாகப் போய்விட்டால் அடுத்த சம்பளம் வரைக்கும் மனசு ஆறாது. ஆகவே ரெங்கம்மா பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அவள் தரம் பிரிப்பது கொழுந்தைத் தரம் பிரிப்பது போலத்தான். "நல்ல கொழுந்து" என்றால் பிள்ளைகுட்டியோடு போகலாம். "முத்தல்" என்றால் வீட்டில் இருந்து ரொட்டி சுடலாம்.

அவள் பார்க்கிற கண்ணே வேறு. எல்லோரும் கதாநாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் கையைப் பார்ப்பாள். "வெறகு ஒடிச்சு அஞ்சு புள்ளைய வளத்தாளாம். அந்தக் கையப் பாத்தியா? வெறகு ஒடிச்ச கையா அது? வெண்டிக்கா ஒடிச்ச கை" என்பாள். மழையில் நனைந்துகொண்டே பாட்டுப் பாடி, ஒரு தும்மல்கூடப் போடாமல் வீட்டுக்குப் போகிற கதாநாயகனை அவள் மன்னித்ததே இல்லை. கொடுமைக்கார மாமியாராக வருகிற நடிகைகள் மேல் மட்டும் அவளுக்குத் தனி மரியாதை. "அந்த ஒருத்திதான் படத்துல வேலை செஞ்சா. மத்தவங்க எல்லாம் சும்மா நின்னுட்டுப் பேர் வாங்கிட்டுப் போறாங்க" என்று சொல்வாள்.

இவ்வளவு கறாராகப் படம் பார்க்கிற ரெங்கம்மா தன் ஆயுளில் ஒரு படத்தைக்கூடக் கடைசி வரைக்கும் பார்த்ததில்லை. இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும், ஆனால் அவள் என்ன செய்வாள்? பழியெல்லாம் பஸ்ஸுடையது.

பதுளையில் தமிழ்ப் படம் மத்தியான ஷோவுக்கு மட்டுந்தான். அந்த ஷோ முடிவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் புறப்பட்டுவிடும். அதை விட்டால் இருட்டில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மலையேறி நடக்க வேண்டியதுதான். டிரைவர் நல்ல மனுஷன். புறப்படுவதற்கு முன் பஸ் ஸ்டாண்டில் இருந்து நீளமாக ஹார்ன் அடிப்பான். அது தியேட்டருக்குள் நன்றாகக் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் மலிவு டிக்கெட்டுக் கலரியில் பாதிச் சனம் எழுந்துவிடும். திரையில் கதாநாயகன் தூக்குமேடையில் நின்றுகொண்டிருப்பான். அவனை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள், தூங்குகிற பிள்ளையை வாரி எடுப்பார்கள், வாசலில் முண்டியடிப்பார்கள். தூக்குப் போட்டார்களா இல்லையா என்பது பதுளை டவுனில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற இரகசியம்.

முதல் தடவை பஸ்ஸில் வைத்து யாரோ, "கடைசியில என்னாச்சோ?" என்று பெருமூச்சு விட்டார்கள். எல்லோருக்கும் கடைசியாக ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ரெங்கம்மா, "என்னாகும்? தாய்க்காரி ஓடி வந்து உண்மையச் சொல்லிட்டா. கயித்தக் கழட்டிட்டாங்க" என்றாள். பஸ்ஸே நிம்மதியாக மூச்சு விட்டது. அவள் கடைசியாக வந்ததால், நின்று முடிவைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவள் வாசலில் நின்று கடலை வாங்கிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கும் அவள் புருஷன் கந்தப்பனுக்கும் மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் ரெங்கம்மாவே ஒரு முடிவு போட்டாள். பெரும்பாலும் நல்ல முடிவாகவே போட்டாள். கதைப்படி சாகவேண்டியவன் செத்தே ஆகவேண்டும் என்றால் கொஞ்சம் யோசித்து, முடிந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவாள். அட்டன் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்த ஒரு பெண், "எங்க ஊர்ல அந்தப் படத்துல அவ செத்துப் போனாளே" என்று ஒரு நாள் வாயைத் திறந்தாள். நெரை முழுவதும் அவள் மேல் பாய்ந்தது. அட்டனுக்கு வருகிற ரீல் எல்லாம் பழசு, நடுநடுவே அறுந்து போனது என்று முடிவாயிற்று. பாவம், அந்தப் பெண் பிறகு சினிமாவைப் பற்றிப் பேசியதே இல்லை.

கந்தப்பனுக்குக் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை. கிண்டல்காரன். "படம் எடுத்தவன் கோடம்பாக்கத்துல இருக்கான். படத்த முடிச்சவ இங்க ரொட்டி சுடுறா" என்று அடுப்படியில் உட்கார்ந்து சிரிப்பான்.

அறுபத்தொன்பதாம் வருஷம், அதே மேல்பிரிவுப் பெண் பாக்கியலெட்சுமி தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பாக்கியத்தைப் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன்காரன் கை நீட்டுகிறவன். வயிற்றில் பிள்ளையோடு, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, துணி மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளைக் கண்டு தாய் அழுதாள், தகப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போவதாகப் பேச்சு. பாக்கியம் தாயோடு மலைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, பேர் பதியாமல் எடுத்த அளவுக்குக் கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை ரெங்கம்மா சொன்ன படத்துக்கு 'தாப்பாப் படம்' என்று பெயர். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. கடைசியில் அடைமழை. புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான். அழுகிறான், கெஞ்சுகிறான். உள்ளே அவள் எழுந்து வந்து தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள். அந்த இடத்தில் பஸ் ஹார்ன் அடித்துவிட்டது.

"தாப்பாளத் தொறந்தாளா அக்கா?" என்று மேட்டு நெரையில் இருந்து ஒருத்தி கேட்டாள்.

ரெங்கம்மா ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். பாக்கியம் இரண்டு நெரை தள்ளி நிற்கிறாள் என்பதை அவள் அப்போது நினைக்கவே இல்லை. அந்தப் படத்துப் புருஷன்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"தொறக்கல. 'நான் வரல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா. இன்னும் நல்லா இறுக்கித் தாப்பாளப் போட்டா."

யாரோ, "நல்லா செஞ்சா" என்றார்கள். "வேணும் அவனுக்கு" என்றாள் இன்னொருத்தி. வயசானவர்கள்கூட, "ஆமா, எத்தன நாளைக்குத்தான் அடி வாங்குறது?" என்றார்கள். பத்தடி தள்ளி வேறு எதையோ பார்த்துக்கொண்டு நின்ற மாரிசாமி கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டேவிட்டார்.

"நனைஞ்சான்" என்றாள் ரெங்கம்மா.

மலை முழுவதும் சிரிப்பு. ரெங்கம்மா அந்தப் படத்துக்கு 'நல்ல கொழுந்து' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தான். கூடவே அண்ணன்காரனும், நியாயம் பேச ஒரு பெரிய மனுஷரும். லயத்து வாசலில் பாய் விரித்து, தேத்தண்ணி கொடுத்து, பேச்சு நடந்தது. ரெங்கம்மா பக்கத்துக் குழாய்ப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் பேசி முடித்து, "புள்ளைய வரச் சொல்லுங்க" என்றார் பெரிய மனுஷர். பாக்கியம் கதவடிக்கு வந்தாள். எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள்.

"நான் வரல்ல" என்றாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் லயம் முழுவதும் கேட்டது.

ரெங்கம்மாவின் கையில் இருந்த வாளி நழுவியது. அதே வார்த்தை, அதே தாழ்ப்பாள். மழை ஒன்றுதான் இல்லை, வெயில் எரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தான்.

அன்றைக்குக் கந்தப்பன் சிரிக்கவில்லை. "அடியே, நீ கடலை வாங்கப் போன நேரத்துல அந்தப் படத்துல என்ன நடந்துச்சோ, யாருக்குத் தெரியும்? ஒன் பேச்ச நம்பி ஒருத்தி குடும்பத்தையே விட்டுட்டாளே" என்றான். நான் என்ன வேண்டுமென்றா சொன்னேன் என்று கேட்க ரெங்கம்மா வாயெடுத்தாள். கேட்க முடியவில்லை. வேண்டுமென்றுதானே சொன்னாள்?

அந்தப் படத்தில் உண்மையில் என்ன முடிவு என்று விசாரித்துப் பார்த்திருக்கலாம். பதுளையில் கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ரெங்கம்மா கேட்கவில்லை. பயம். கேட்காமல் இருக்கிறவரைக்கும் அவள் சொன்னதே சரியாகவும் இருக்கலாம் அல்லவா? அதற்குப் பதிலாக அவள் பாக்கியத்தைப் பார்த்துக்கொண்டாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாள். பிறந்த பெண் குழந்தை சந்திரமதியைக் காலையில் பிள்ளைக்காம்பராவில் விடுவதும் அவள்தான், மாலையில் தூக்கி வருவதும் அவள்தான். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அந்த நீளக் கட்டடத்தில், ஆயாவுக்கே சில நாள் இது யார் பிள்ளை என்று சந்தேகம் வந்துவிடும். பாக்கியம் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தாள். குனிந்த தலை நிமிர்ந்தது. வாய்கூட வளர்ந்தது. ரெங்கம்மாவின் பக்கத்து நெரைக்கு அவளும் சண்டை பிடித்தாள்.

எழுபதுகளில் ஒரு கெட்ட காலம் வந்தது. மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த நாட்கள். படத்துக்குப் போகிற பேச்சே இல்லை. ரெங்கம்மா அப்போது பழைய படங்களையே திரும்பச் சொன்னாள். பசித்த வயிற்றோடு யாரும் அழுகைப் படம் கேட்க விரும்பவில்லை. ஆகையால் அதுவரை தப்ப வழியில்லாமல் செத்துப்போயிருந்தவர்களை எல்லாம் அந்த வருஷம் ஒவ்வொருத்தராக எழுப்பிவிட்டாள். தாப்பாப் படத்தை மட்டும் அவள் திரும்பச் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அது மறந்து போச்சு" என்று விட்டுவிடுவாள். பாக்கியமும் ஒரு நாளும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டில் சந்திரமதி பெரியவளானாள். பாக்கியம் சடங்கைப் பெரிதாகச் செய்தாள். அந்தக் காலத்தில் வீடியோ புதுசு. விசேஷ வீடு என்றால் பதுளையில் இருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அது விசேஷம் இல்லை. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஸரூக் நானா அந்தத் தொழிலையும் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சடங்கு முடிந்த கையோடு, அவருடைய வேனில் டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் வந்து பிள்ளைக்காம்பராவில் இறங்கின. ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டி இருட்டாக்கினார்கள். மேல்பிரிவு முழுவதும் உள்ளே அடைந்துகொண்டது.

முன்வரிசையில், நடுவில், ரெங்கம்மா. புதுச் சேலை. ஒரு வாய் வெற்றிலை. பஸ்ஸும் இல்லை, ஹார்னும் இல்லை, இன்றைக்காவது ஒரு படத்தை முழுசாகப் பார்க்கப் போகிறேன் என்று அவளுக்கு ஒரே குஷி. கந்தப்பனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெயர் ஓடியது. முதல் பாட்டு வந்தது. கதாநாயகி குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஐயையோ" என்றாள் ரெங்கம்மா.

கந்தப்பனும் கண்டுபிடித்துவிட்டான். "தாப்பாப் படம்" என்றான், வாய்க்குள்.

ரெங்கம்மா எழுந்து, குனிந்து, கூட்டத்தை மிதித்துக்கொண்டு டெக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸரூக் நானாவிடம் போனாள். "நானா, வேற படம் ஒன்னும் கொண்டாரலயா? சண்டைப் படம் மாதிரி? இது ரொம்பப் பழசுங்க."

"இதத்தானே கேட்டு விட்டாங்க. பதுளையில இல்ல. வெலிமடையில ஒரு ஆள்ட்ட எடுப்பிச்சிக் கொண்டாந்த" என்றார் ஸரூக். "முழுசா இரிக்கி. ஒரு துண்டும் வெட்டல்ல."

"யாரு கேட்டு விட்டா?"

"சடங்கு வீட்டுக்காரங்கதான். பாக்கியம் தங்கச்சி."

ரெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். பாக்கியம் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. அந்தத் தாழ்ப்பாளை மகளுக்குக் காட்டப் போகிறாள். பார், இவளைப் பார்த்துத்தான் உன் அம்மா அன்றைக்குக் கதவைச் சாத்தினாள் என்று சொல்லப் போகிறாள். அந்த இடத்தில் கதாநாயகி கதவைத் திறந்துவிட்டால்? இத்தனை வருஷமாக ஒரு பொய்யை நம்பியா தனியாக இருந்தேன் என்று பாக்கியம் கேட்டால், ரெங்கம்மா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அவள் தன்னால் ஆனதை எல்லாம் செய்தாள். படம் பாதியில் இருக்கும்போதே, "பந்திக்கு எல வெட்டியாச்சு, வாங்க வாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மாரிசாமி கங்காணி, "கம்முனு ஒக்காரு ரெங்கம்மா. மலையில நீ பேசுனப்ப நாங்க கேக்கல?" என்று அதட்டிவிட்டார். ஜெனரேட்டரில் எண்ணெய் தீரவேண்டும் என்று மாரியம்மனுக்கு மனசுக்குள் தேங்காய் நேர்ந்துகொண்டாள். அது வெளியே தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. இவளுடைய கஷ்டம் அதற்கு எங்கே தெரியப் போகிறது?

திரையில் மழை வந்துவிட்டது. புருஷன் கதவைத் தட்டினான். கதாநாயகி எழுந்து வந்தாள். கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று.

சரியாக அந்த நேரம், பதுளைக்குப் போய்த் திரும்பிய கடைசி பஸ் கீழே வளைவில் ஏறிக்கொண்டு நீளமாக ஒரு ஹார்ன் அடித்தது.

பிள்ளைக்காம்பராவில் இருந்த சனம் முழுவதும் எழுந்துவிட்டது! ஒருத்தி பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். ஒருத்தன் செருப்பைத் தேடினான். மாரிசாமி கங்காணி தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி வழி வாசலுக்கே போய்விட்டார். இது பதுளை இல்லை, நாம் இருப்பது நம் லயத்தடியில் என்று உறைத்ததும் ஒரே சிரிப்பு. ஒருத்தரை ஒருத்தர் அடித்துச் சிரித்தார்கள். ஸரூக் நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னவோ தீப்பற்றிக்கொண்டது என்று நினைத்து அவரும் பதறி எழுந்து, படத்தை நிறுத்திவிட்டார். கதாநாயகி தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள்.

ரெங்கம்மா சிரிக்கவில்லை. அவள் வாசலுக்குப் போய்விட்டாள். எல்லாப் படத்துக்கும் போல இதற்கும் போய்விடலாம், அடுப்படியில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். காலை வெளியே வைக்கும்போது யாரோ கையைப் பிடித்தார்கள். பாக்கியம்.

"எங்க போறீங்க அக்கா? இன்னைக்கு பஸ் இல்ல. வந்து ஒக்காருங்க."

பிடித்த கையை விடவே இல்லை. இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். படம் மறுபடியும் ஓடியது.

கதாநாயகி தாழ்ப்பாளைத் திறந்தாள். திறந்தது மட்டுமா? மழைக்குள் ஓடி அவன் காலில் விழுந்தாள். தப்பெல்லாம் தன்னுடையது என்று அழுதாள். அவன் பெருந்தன்மையாக அவளைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு பேரும் தும்மாமல் நனைந்தார்கள். வயலின் வாசித்தது. படம் முடிந்தது.

கம்பளியை விலக்கியதும் வெளிச்சம் வந்தது. தலைகள் எல்லாம் ரெங்கம்மா பக்கம் திரும்பின. அவள் வெற்றிலையை விழுங்கிவிட்டிருந்தாள்.

மாரிசாமி கங்காணிதான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "நானா, இது பிழையான கேசட்டு."

"என்ன?" என்றார் ஸரூக்.

"இந்தப் படத்துல அவ தொறக்க மாட்டா. தாப்பாளப் போட்டுருவா. எங்களுக்கு நல்லாத் தெரியும்."

"ஆமா, 'நான் வரல்ல'ன்னு சொல்லுவா" என்றாள் மேட்டு நெரைக்காரி. "அவன் நனைஞ்சுட்டுப் போயிருவான்." ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். வெலிமடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்கள். சரியான கேசட்டைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அட்டனில் இருந்து வந்த பெண் இப்போது பிள்ளை குட்டிக்காரி. இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அவளும் வாயைத் திறந்து, "எங்க ஊருப் பக்கம் இருந்து வந்த ரீலா இருக்கும்" என்றாள்.

"அல்லாவே, படத்த எடுத்த ஆள் நான் இல்லயே" என்று ஸரூக் நானா இரண்டு கையையும் விரித்தார். அவரைச் சமாதானப்படுத்த, அவர் வீட்டு இனிப்பான வட்டிலப்பம் இல்லாவிட்டாலும் பாயசமாவது கொடுக்கவேண்டும் என்று கந்தப்பன் அவரை அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ரெங்கம்மா குனிந்தே இருந்தாள். "பாக்கியம்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, நான் இந்தப் படத்தப் பண்டாரவளையிலேயே பாத்துட்டேன்" என்றாள் பாக்கியம்.

ரெங்கம்மா நிமிர்ந்தாள்.

"அவன்தான் கூட்டிட்டுப் போனான். இவ கால்ல விழுந்தப்ப முழங்கையால என்னைய ஒரு இடி இடிச்சான். 'பாத்துக்க' அப்பிடின்னான். அதுக்கப்புறந்தான் நான் ஓடி வந்தேன். ஓடி வந்தாலும், திரும்பிப் போயித்தான் ஆகணும்னு மனசுல இருந்துச்சு. படத்துலயே அப்பிடித்தானே?"

"அப்ப நான் மலையில சொன்னது..."

"பொய்யின்னு எனக்குத் தெரியும். என்னடா இது, இந்த அக்கா மாத்திச் சொல்றாங்களேன்னு தலையத் தூக்கிப் பாத்தேன். ஒருத்தருகூட அந்தப் படத்துப் பொண்ணத் திட்டல. நல்லா செஞ்சாங்குறாங்க. வேணும் அவனுக்குங்குறாங்க. எங்கம்மாவும் தலைய ஆட்டுச்சு. அப்பத்தான் அக்கா எனக்குத் தெரிஞ்சுச்சு, இப்பிடியும் முடிக்கலாம்னு."

ரெங்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாவி, இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே நீ! நான் எவ்வளவு பயந்து கெடந்தேன்."

"சொன்னா அடுத்த படத்துக்கு ஒழுங்கா முடிவு சொல்லிருவீங்களோன்னு எனக்குப் பயம்" என்றாள் பாக்கியம். "இன்னைக்குத்தான் தோணுச்சு, ஊருக்கெல்லாம் முடிவு சொன்னவங்க ஒரு முடிவையாவது கண்ணால பாக்கட்டும்னு. அதான் தேடி எடுக்கச் சொன்னேன்."

ரெங்கம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தனமும் மஞ்சளுமாக நின்ற சந்திரமதி, இவர்கள் எதற்கு இப்படி அழுகிறார்கள், படம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் நெரைச் சண்டையில் பாக்கியம் ஜெயித்து, ரெங்கம்மாவின் பக்கத்து நெரையைப் பிடித்தாள். பனி விலகவில்லை. நேற்றுப் படத்தை எல்லோருமே பார்த்துவிட்டார்கள், கதை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் மலை காத்திருந்தது. மாரிசாமி கங்காணி வழக்கம்போல இறங்கி வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நேத்துப் படம் எப்பிடி? நல்ல கொழுந்தா, முத்தலா?" என்று மேட்டு நெரையில் இருந்து கேட்டார்கள்.

ரெங்கம்மா ஒரு பிடி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அதில் ஒன்று நீட்டுக் காம்போடு வந்திருந்தது. காம்பைக் கிள்ளிக் கீழே போட்டாள். மிச்சத்தைத் தோளுக்கு மேலால் கூடைக்குள் வீசினாள்.

"கொழுந்து நல்லாத்தான் இருக்கு. காம்புதான் முத்தல். கிள்ளிப் போட்டுட்டு எடுத்துக்குங்க."